வலசைக் காலத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள்: கோலாலம்பூரிலிருந்து எந்த நீர்நிலைக்குப் போவது?

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்வி ஏறத்தாழ ஒன்றேதான். செந்தூலில் இருந்து, தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தந்தை ஒருவர் கேட்கிறார். கிள்ளானில் ஓய்வுபெற்று வாழும், முழங்கால் வலியுள்ள ஓர் ஆசிரியை கேட்கிறார். புதிதாகக் கேமரா வாங்கிய ஓர் இளைஞர் ரவாங்கிலிருந்து கேட்கிறார். மூவருக்கும் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு விடுமுறை நாள். வடக்கேயிருந்து பறவைகள் வந்திறங்கும் இந்தப் பருவத்தில் அந்த ஒரு நாளை எங்கே செலவிடுவது? கோல சிலாங்கூரிலா, ஜெராம் கடற்கரையிலா, செக்கிஞ்சான் வயல்வெளியிலா, பாயா இண்டாவிலா, புத்ராஜெயாவிலா?

இந்த ஐந்து இடங்களுக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எது சிறந்த இடம் என்று பொதுவாகக் கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யாரோடு போகிறீர்கள் என்று சொல்பவருக்கு உறுதியாகச் சொல்ல முடியும். அந்த மூன்றும் தெரிந்துவிட்டால் ஐந்தில் மூன்று இடங்கள் தாமாகவே விலகிவிடும்.

## எவற்றை வைத்துத் தீர்மானிப்பது

நம் நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ரப்பர் மரங்கள்கூட ஆண்டின் தொடக்கத்தில்தான் இலையை உதிர்க்கின்றன. ஆனால் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் வடசீனத்திலும் குளிர் தொடங்கும்போது, அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் தெற்கே இறங்குகின்றன. இருபதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கடந்து செல்லும் இந்தப் பாதையை ஆண்டுதோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சிலாங்கூரின் சேற்றுக் கரை அவற்றுள் சிலவற்றுக்குத் தங்குமிடம். வேறு சிலவற்றுக்குச் சுமத்ராவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் வழியில் பசியாறும் இடம்.

ஆகவே முதல் அளவுகோல் வாரம். பவளக்காலியும் உள்ளானும் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலுமே வரத் தொடங்கிவிடும். கரைப்பறவைகள் பலவற்றில் முதிர்ந்தவை முன்னே வரும். அந்த ஆண்டுப் பிறந்த குஞ்சுகள் வழிகாட்டி இல்லாமல் சில வாரம் கழித்து வரும். ஆகஸ்டில் வரும் மூக்கன்கள் என்ற நீண்ட அலகுக் கரைப்பறவைகளின் மார்பில் இனப்பெருக்கக் காலத்துச் செந்நிறம் இன்னும் மிச்சமிருக்கும். அக்டோபரில் பார்த்தால் அத்தனையும் சாம்பலாகிப் போயிருக்கும். பழுப்புக் கீச்சான் செப்டம்பரில் வந்துவிடும். ஆலாக்களும் பூனைப்பருந்துகளும் அக்டோபர், நவம்பரில்தான் வயல்களின் மேல் சுற்றத் தொடங்கும். "வலசைக் காலம்" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு மாதப் போக்குவரத்து.

இரண்டாவது அளவுகோல் கடலின் ஏற்ற வற்றம். பலரும் இதைக் கவனிப்பதில்லை. அவர்களுடைய நாள் வீணாவதும் பெரும்பாலும் இதனால்தான். மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில் ஒரு நாளைக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. பெரிய ஏற்றத்தின்போது கிள்ளான் துறைமுகத்தில் நீர்மட்டம் 5 மீட்டரையும் தாண்டும். கரை அவ்வளவு சரிவில்லாதது என்பதால், வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கி, சேறு பரந்து கிடக்கும். பறவைகள் நீரின் விளிம்பைப் பின்தொடர்ந்தே இரை தேடும். விளிம்பு நெருங்கி வந்தால் பறவையும் நெருங்கி வரும். விளிம்பு விலகினால் அதுவும் விலகிவிடும்.

நம் பெரியவர்கள் நாட்காட்டியில் திதி பார்ப்பது போல, இங்கும் திதி பார்க்க வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கிள்ளான் பக்கத்து உயர்ந்த ஏற்றம் பெரும்பாலும் காலை ஆறு, ஏழு மணியையும் மாலை ஆறு, ஏழு மணியையும் ஒட்டி வரும். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போய், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நண்பகலை ஒட்டி வந்து நிற்கும். இது பொதுவான கணக்கு மட்டுமே. போகும் நாளுக்குரிய நேரத்தைத் தேசிய நீர்ப்பரப்பு ஆய்வு மையம் வெளியிடும் ஓத (ஏற்ற வற்ற) அட்டவணையில், கிள்ளான் துறைமுகத்துக்குரிய பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மலாய்க்காரர்களின் சொல்லால் மீனவர்கள் "ஆயர் பாசாங்" என்று சொல்வதும் இந்த ஏற்றத்தைத்தான். கரையில் உள்ள எந்த மீனவரைக் கேட்டாலும் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது, உடன் வருபவர்கள்: நிழல், கழிப்பறை, நடக்கும் தூரம், உட்கார இடம். நான்காவது, கருவி: கையில் பிடிக்கும் பைனாகுலர் போதுமா, முக்காலியில் நிறுத்தும் ஸ்கோப் என்ற தொலைநோக்கி வேண்டுமா? ஐந்தாவது செலவு. இதில் டோலும் பெட்ரோலும் வெளிப்படையானவை. மறைந்திருக்கும் செலவுகளை ஒவ்வோர் இடத்தின் கீழும் சொல்கிறேன்.

வானிலை எல்லா இடங்களுக்கும் பொது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம். 2015, 2019 போன்ற ஆண்டுகளில் புகைமூட்டமும் சேர்ந்துகொண்டது. திறந்த கரையிலும் வயல்வரப்பிலும் இருப்பதிலேயே உயரமான பொருள் நீங்களும் உங்கள் முக்காலியும்தான். இடி கேட்டால் காருக்குத் திரும்புங்கள். பறவைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

## ஜெராம் முதல் தஞ்சோங் காராங் வரையிலான சேற்றுக் கரை

வலசைக் கரைப்பறவை என்ற சொல்லின் முழுப்பொருள் வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். பறவைகளுக்கு உலக அளவில் முக்கியமான இடமாக, பறவைப் பாதுகாப்புக்கான பேர்ட்லைஃப் அமைப்பு அடையாளம் கண்டிருக்கும் வட–மத்திய சிலாங்கூர்க் கரை இது. பவளக்காலி, சின்னக் கோட்டான், பெரிய கோட்டான் (ஆந்தை அல்ல; கீழே வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவைகள்), மணல்நிற உப்புக்கொத்திகள், மேல்நோக்கி வளைந்த அலகுடைய டெரெக் உள்ளான், கருவால் மூக்கன், பட்டைவால் மூக்கன் ஆகியவை ஒரே சேற்றில் கலந்து மேயும். அவற்றிடையே, உலகளவில் அழியும் நிலையில் உள்ள தூரகிழக்குக் கோட்டானோ, பெரிய நாட் உள்ளானோ, மிக அரிதாக நார்ட்மன் பச்சைக்காலியோ நின்றுகொண்டிருக்கலாம். சீன வெண்கொக்கு, கரையோர மரங்களில் நிற்கும் வழுக்கைத்தலைப் பெருநாரை ஆகியவற்றையும் இந்தப் பகுதியில் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஐந்து இடங்களிலும் தவறான நேரத்தில் போனால் மிகக் கடுமையாகத் தண்டிக்கும் இடமும் இதுவே. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, ஓத அட்டவணையைப் பார்க்காமல், அம்மாவையும் அக்காள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பதினொரு மணிக்கு ஜெராம் கரையில் போய் நின்றேன். பௌர்ணமிக்கு மறுநாள் அது. கடல் எங்கோ வெள்ளிக்கோடாகத் தெரிந்தது. இடையில் சேறு மட்டுமே. நூற்றுக்கணக்கில் பறவைகள் இருந்தன என்பது அந்தக் கோட்டின் மேல் நெளிந்த புள்ளிகளால் புரிந்தது. வெப்பத்தால் காற்று நடுங்கியதில் பைனாகுலரில் அவை கரைந்து ஓடின. பத்து நிமிடம் பார்த்துவிட்டு அம்மா, "தம்பி, அது பறவைதான்னு நீ சொன்னா நம்பிக்கிறேன்" என்றார். அவர் அதைக் கடிந்து சொல்லவில்லை; ஆனால் அவருக்கு இருந்த அந்த ஒரு காலைப்பொழுதை நான் வீணாக்கிவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அதே நாள் காலை எட்டரை மணிக்கு நின்றிருந்தால், அதே பறவைகள் எங்கள் முன்னே நூறு அடிக்குள் மேய்ந்திருக்கும்.

காரணம் எளியது. ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது சேறு முழுவதும் மூழ்கிவிடும். பறவைகள் உள்நிலத்து ஒதுங்கிடங்களில் கூட்டமாக ஓய்வெடுக்கும். அப்படிப் பெரிய கூட்டங்கள் ஒதுங்கும் இடங்களில் ஒன்றாகக் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகள் அறியப்பட்டவை. ஆனால் அங்கே அனுமதியின்றி நுழைய முடியாது. நீர் வற்றத் தொடங்கியதும் முதலில் வெளிப்படுவது நமக்கு அருகிலுள்ள சேறு. பசியோடு காத்திருந்த பறவைகள் முதலில் இறங்குவதும் அங்கேதான். மேலும், இந்தக் கரை மேற்கு நோக்கியது. காலையில் கதிரவன் நமக்குப் பின்னால் எழுவதால் பறவையின் ஒவ்வொரு இறகும் ஒளி பெறும். மாலையில் கண் கூசி, பறவை கறுப்பு நிழலாகத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அமாவாசை அல்லது பௌர்ணமி முடிந்த மூன்று நாட்களுக்குள், காலை எட்டு முதல் பத்து மணி வரை என்பது கணக்காக வந்து நிற்கும். தீபாவளி அமாவாசையை ஒட்டியே வருவதால், அதற்கு மறுநாளும் அடுத்த நாளும் கரைக்குப் போவது எங்கள் வீட்டில் பண்டிகையின் பகுதியாகவே ஆகிவிட்டது.

மறைந்திருக்கும் செலவு, முதலாவதாகக் கருவி. நூறடிக்கு அப்பால் நிற்கும் சாம்பல்நிறப் பறவைகளை வேறுபடுத்த ஸ்கோப் இல்லாமல் இயலாது. தரமான ஸ்கோப்பும் நிலையான முக்காலியும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். வாங்குவதற்கு முன், மலேசிய இயற்கைச் சங்கத்தின் சிலாங்கூர் கிளைப் பறவைக் குழுவோடு ஒருமுறை போய், அவர்களுடைய ஸ்கோப்பில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே என் பரிந்துரை. இரண்டாவது, கரையில் நிழல் இல்லை. மூன்றாவது, சேற்றில் இறங்கும் ஆசை. முழங்காலளவு புதையும் சேறு அது. நீர் திரும்பி ஏறும் வேகமும் எதிர்பார்ப்பதைவிட அதிகம். கரையிலேயே நில்லுங்கள்.

கரையில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 அக்டோபரில், ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது செயற்கைக்கோள் கருவியால் பதிவானது. நம் கரைக்கு வருபவை சைபீரியப் பக்கத்து மூக்கன்கள். அவை மஞ்சள்கடலில் தங்கி வருகின்றன. அந்தக் கடலின் சேற்றுநிலங்களில் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில் துறைமுகமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாற்றப்பட்டுவிட்டதால், இங்கே வந்து சேரும் பறவை முன்பைவிடக் குறைந்த கொழுப்போடு வருகிறது என்று கருத இடமுண்டு. ஒரு படத்துக்காக நாம் அதை ஒருமுறை எழுப்பிப் பறக்கவிட்டால், அது தின்று சேர்த்ததைச் செலவழிக்கிறது. பறவை தலையை உயர்த்தி நம்மையே பார்க்கத் தொடங்கியதும் நின்றுவிட வேண்டும்.

## கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா

மலாவாத்தி குன்றின் அடிவாரத்தில், 1987-இல் மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியால் உருவான பூங்கா இது. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். லாத்தார் நெடுஞ்சாலை வந்தபின் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். உப்புநீர் கலந்த ஏரி, அதைச் சுற்றிய பாதை, பார்வைக் கோபுரங்கள், கண்டல்காட்டுக்குள் (கடலோரச் சதுப்புக்காடு) செல்லும் நடைபாலம் என்று பல வகை வாழிடங்கள் சிறு பரப்புக்குள் அடங்கியிருப்பதுதான் இதன் பலம்.

கரைப்பறவைக்காக மட்டும் இங்கே போவது சரியான கணக்கல்ல. ஏரியில் நீர் தாழ்ந்து சேறு தெரியும் நாட்களில், கடல் ஏறிய நேரத்தில் அவை இங்கே ஒதுங்கும்; ஏரி நிரம்பியிருந்தால் நாரைகளும் கொக்குகளும் வக்காக்களும்தான். ஆனால் மரங்களைப் பாருங்கள். வலசை என்றாலே நீரில் நிற்கும் பறவை என்று எண்ணுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். கண்டல் மரங்களின் நிழலில் கருந்தலை மீன்கொத்தி, கொடிக்கால் வாலாட்டி, பழுப்பு ஈப்பிடிப்பான், ஆர்க்டிக் கதிர்க்குருவி ஆகியவை செப்டம்பர் முதல் வந்து தங்கும். தமிழ்நாட்டார் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவையின் நெருங்கிய உறவான நீலச்சிறகுப் பிட்டா, வலசை வழியில் இரவில் பறந்து பகலில் இத்தகைய காடுகளில் இறங்குவதுண்டு. இவற்றுக்கெல்லாம் ஓதம் பார்க்க வேண்டியதில்லை, பைனாகுலரே போதும், மரநிழலில் நடக்கலாம்.

பால் நாரையை மீண்டும் இயற்கையில் வாழவைக்க நெகாரா விலங்ககத்தோடு சேர்ந்து முயற்சி நடந்த இடமும் இதுவே. ஆகவே இங்கே வெண்ணிற நாரை தெரிந்தால் அது எங்கிருந்தோ வந்தது என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. கொசு, நடைபாலத்தின் சில பகுதிகள் பழுதால் மூடப்பட்டிருக்கும் வாய்ப்பு, பையைப் பறிக்கும் நீண்டவால் குரங்குகள். குன்றின் மேல் இருக்கும் வெள்ளிமயிர் மந்திகள் சாதுவானவை, அவற்றின் செம்பொன் நிறக் குட்டிகளைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கையில் உணவோடு நின்றால் நீண்டவால் குரங்குகளும் வந்துவிடும். மாலை வரை தங்க முடிந்தால் கம்போங் குவாந்தான் மின்மினிகளையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம். குடும்பத்தில் பறவை ஆர்வமில்லாதவர்களும் உடன் வருகிறார்கள் என்றால் இது சிறிய நன்மையல்ல.

## தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்கள்

இது நெல்லின் நாட்காட்டியைச் சார்ந்தது. ஆண்டுக்கு இரு போகம். பொதுவாகச் செப்டம்பர், அக்டோபரில் பயிர் பச்சையாக உயர்ந்து நிற்கும். நவம்பர் இறுதி, டிசம்பரில் அறுவடை. ஆனால் பாசன வட்டத்துக்கு வட்டம் சில வாரங்கள் வேறுபடும். பசுமையான அக்டோபர் வயல் படத்துக்கு அழகு, பறவைக்கு மறைவிடம். அப்போது மேலே பாருங்கள்: தகைவிலான்கள், நீலவால் பஞ்சுருட்டான்கள், வாய்க்கால்களின் மேல் மீசை ஆலாக்கள், மின்கம்பியில் பழுப்புக் கீச்சான். தரையில் நடப்பவற்றைப் பார்க்க வேண்டுமென்றால், உழுது நீர் கட்டிய வயலோ, புதிதாக அறுத்த வயலோ தேவை. அங்கே பொறி உள்ளான், கோரை உள்ளான், பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி, மஞ்சள் வாலாட்டி எல்லாம் இறங்கும். நவம்பருக்குப் பின் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து வயலை அலசும்.

ஆகவே அக்டோபரில் செக்கிஞ்சான் போய் ஏமாந்தவர்கள் அந்த இடத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வாரம் கழித்து மீண்டும் போகலாம். காரிலிருந்தே பார்க்க முடிவது இதன் பெரிய வசதி. நடக்க இயலாத முதியவருக்குக் காரே மறைவிடம். பறவைகளும் காரைக் கண்டு அவ்வளவு அஞ்சுவதில்லை. ஆனால் வரப்புச்சாலை விவசாயிகளின் வேலைப்பாதை. அறுவடைக் காலத்தில் லாரிக்கு வழிவிட்டே நிற்க வேண்டும். விதைத்த வயலின் வரப்பில் ஏறக்கூடாது.

செலவில் மறைந்திருப்பது நேரம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடலுணவு உண்டு திரும்பும் கூட்டத்தால் கரையோரச் சாலை நெரிந்துவிடும். புரட்டாசி விரதம் இருக்கும் குடும்பங்கள் கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. செக்கிஞ்சானின் பெயர்பெற்ற உணவகங்கள் மீனுக்கும் இறாலுக்குமே பெயர்பெற்றவை. அறுவடை முடிந்த சில வயல்களில் தாளைக் கொளுத்துவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## பாயா இண்டா

டிங்கில் அருகே, ஈயம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட குட்டைகளும் கரிச்சேற்று நிலமும் சேர்ந்த ஏரித்தொகுதி; வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் பொறுப்பில் உள்ளது. கடலோடு தொடர்பில்லாததால் ஓதத்தைப் பற்றிக் கவலையே இல்லை. காலை எட்டு மணிக்குத்தான் வர முடியும் என்றாலும், தேதியை மாற்ற முடியாது என்றாலும், இந்த இடம் உங்களைக் கைவிடாது.

தாமரை படர்ந்த கரைகளில் நீலத் தாழைக்கோழியும் செந்நாரையும் ஆண்டு முழுவதும் இருப்பவை. வலசைப் பருவத்தில் நாணல் புதருக்குள் கீழைநாட்டு நாணல் கதிர்க்குருவியின் கரகரத்த குரல் கேட்கும். நீலவால் பஞ்சுருட்டான் பட்ட மரத்தில் அமர்ந்து தும்பி பிடிக்கும். சிறு வல்லூறு வகைகள் காலை வெப்பத்தில் வட்டமிட்டு எழும். கரைப்பறவைக் கூட்டத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. வாத்துகளையும் எதிர்பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் குளிர்கால ஏரி நிறைய வாத்துகளைப் பார்த்துப் பழகியவர்கள் என்னோடு வந்து முதலில் கேட்பது அதைத்தான். வட நாட்டு வாத்துகள் தீபகற்ப மலேசியாவுக்கு மிகக் குறைவாகவே இறங்கி வருகின்றன.

தூரங்கள் நடப்பதற்கு நீண்டவை, நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். உள்ளே மிதிவண்டி கிடைக்கும் நாளில் குடும்பத்தோடு சுற்றலாம். கருவிக்குப் பைனாகுலர் போதும்.

## புத்ராஜெயா நீர்நிலப் பூங்கா

1997-98-இல், புத்ராஜெயா ஏரிக்கு வரும் நீரை நாணல்களால் வடிகட்டுவதற்காக, 24 பகுதிகளாகக் கட்டப்பட்ட செயற்கை நீர்நிலம். அருகில் உள்ளது, பாதை சமமானது, கழிப்பறை உண்டு, எம்ஆர்டி இரயிலில் புத்ராஜெயா வரை வந்து மீதித் தூரத்துக்கு வாடகைக் கார் பிடிக்கலாம். பறவை பார்ப்பதை முதன்முதலில் பழகுபவருக்கு நல்ல இடம். பழகியவருக்கு வலசைப் பறவைகள் குறைவு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இங்கே தெரியும் மஞ்சள் மூக்கு நாரைகளைப் பார்த்து, "வேடந்தாங்கலிலிருந்து வந்திருக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் சுதந்திரமாகத் திரியும் இந்த நாரைகள் விலங்ககத்திலிருந்து பரவியவற்றின் வழிவந்தவை. பால் நாரையோடு கலந்த கலப்பினங்களும் அவற்றில் உண்டு. பிள்ளைகளுக்கு உண்மையான வலசைப் பறவையைக் காட்ட வேண்டுமென்றால், நாணலின் மேல் தாழப் பறக்கும் தகைவிலானைக் காட்டுங்கள். கைக்குள் அடங்கும் அந்த உடல் ஆசியாவின் வடக்கிலிருந்து வந்திருக்கிறது.

## ஒரே பார்வையில்

| இடம் | தூரம் (ஏறத்தாழ) | எதைச் சார்ந்தது | ஏற்ற வாரங்கள் | கருவி | முதியோர், பிள்ளைகள் |
|---|---|---|---|---|---|
| ஜெராம் கரை | 60–80 கி.மீ. | ஓதம், காலை ஒளி | ஆகஸ்ட் இறுதி – நவம்பர் | ஸ்கோப் | கடினம், நிழலில்லை |
| கோல சிலாங்கூர் | 70 கி.மீ. | அதிகாலை | செப்டம்பர் – நவம்பர் | பைனாகுலர் | நல்லது. கொசுவும் குரங்கும் உண்டு |
| செக்கிஞ்சான் வயல் | 100 கி.மீ. | நெல்லின் நிலை | நவம்பர் இறுதி முதல் | பைனாகுலர் | காரிலிருந்தால் நல்லது |
| பாயா இண்டா | 45 கி.மீ. | அதிகம் எதையும் சாராது | அக்டோபர் – நவம்பர் | பைனாகுலர் | நடுத்தரம், நீண்ட நடை |
| புத்ராஜெயா | 30 கி.மீ. | எதையும் சாராது | எந்த வாரமும் | பைனாகுலர் | மிக எளிது |

## கேட்ட மூவருக்கும்

செந்தூல் தந்தைக்கு: பிள்ளைகள் முதன்முதலாக வருகிறார்கள் என்றால் கோல சிலாங்கூர் பூங்கா. ஏழரை மணிக்கு உள்ளே நுழைந்து, பத்து மணிக்கு வெளியே வந்து, மந்திகளைப் பார்த்துவிட்டு, அன்று ஓதம் பொருந்தினால் திரும்பும் வழியில் ஜெராம் கரையில் அரைமணி நேரம் நில்லுங்கள். ஜெராமையே முதன்மையாக வைத்துவிட வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாத நூறு சாம்பல் பறவைகளைவிட, பத்தடி தொலைவில் அமர்ந்திருக்கும் ஒரு கருந்தலை மீன்கொத்தி பெரிது. கோல சிலாங்கூர்ப் பக்கத்திலிருந்து படகில் அழைத்துச் செல்லும் "கண்ணாடி வானம்" (ஸ்கை மிரர்) சுற்றுலாவைப் பறவைப் பயணம் என்று எண்ணிப் பதிவு செய்துவிடாதீர்கள். அது அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் நன்றாக வற்றும்போது வெளிப்படும் மணல்திட்டில் படம் எடுப்பதற்கானது.

ரவாங் இளைஞருக்கு: கையில் நீண்ட லென்ஸ் இருப்பதால் ஸ்கோப்பின் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். ஓத அட்டவணையை முன்னே வைத்து, அமாவாசையோ பௌர்ணமியோ முடிந்த இரண்டாம் நாளில் விடுப்பு எடுக்க இயலுமா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றால், அட்டவணையில் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையே உச்ச ஏற்றம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அப்படிப்பட்டவை சிலவே கிடைக்கும். மற்ற ஞாயிறுகளுக்குப் பாயா இண்டா இருக்கிறது. எடுத்த படங்களை, பறவைக் காட்சிகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் உங்கள் பட்டியலோடு சேர்த்துப் பதிவிடுங்கள்; காலில் வண்ணக் கொடி கட்டிய பறவை படத்தில் தெரிந்தால், கொடியின் நிறத்தையும் எழுத்தையும் தவறாமல் எழுதுங்கள். அது எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பதை அந்த நிறம்தான் சொல்லும்.

கிள்ளான் ஆசிரியைக்கு: அம்மா, நீங்கள் அவசரப்பட வேண்டாம். அக்டோபரில் எங்கும் போகாமல் இருந்தாலும் இழப்பில்லை. நவம்பர் கடைசி வாரத்தில், செக்கிஞ்சானில் எந்தப் பாசன வட்டத்தில் அறுவடை தொடங்கிவிட்டது என்று தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டு, உறவினர் யாராவது காரோட்ட, காலை ஏழு மணிக்கு வயலோரம் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கதவில் ஒரு சிறு தலையணை வைத்து அதன்மேல் பைனாகுலரை ஊன்றிக்கொள்ளுங்கள், கை நடுங்காது. அறுவடை இயந்திரம் அடுத்த வயலுக்கு நகர்ந்ததும், அது விட்டுச்சென்ற ஈரத்தாளில் முதலில் கொக்குகள் இறங்கும். அவை கால் மணி நேரம் அமைதியாக மேய்ந்தபின், எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் உள்ளான்கள் வந்து இறங்கும்.